புயலுக்குப் பிறகு செத்த ஆடுகள் யார் கணக்கில்?

2025 பொங்கலுக்கு நாலு நாள் முன்பு சின்னசேலம் பக்கம் ஒரு காலனிக்குப் போயிருந்தேன். கல்லூரி மாணவர்களின் உதவித்தொகை விண்ணப்பத்துக்காகப் போன பயணம் அது. ஒரு வீட்டு வாசலில் வெள்ளாடு ஒன்று கால் மடக்கிப் படுத்திருந்தது. தாடைக்குக் கீழே தண்ணீர்ப் பை கட்டிவிட்டது போல வீக்கம். தழையை முன்னால் போட்டும் தலை தூக்கவில்லை.

"ஒம்பது உருப்படி இருந்துச்சி தம்பி. நாலு போயிடுச்சி. இது அஞ்சாவது" என்றார் அந்த அக்கா. ஆட்டின் கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துக் காட்டினார். சிவப்பாக இருக்க வேண்டிய சதை காகிதம் மாதிரி வெளுத்துக் கிடந்தது. "ரத்தமே இல்ல பாருங்க. புயல் நிவாரணத்துல எழுதிக்குங்கன்னு கேட்டேன். புயல்லயா செத்துச்சி, அதுக்கப்புறம்தானே செத்துச்சின்னு அனுப்பிட்டாங்க."

அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் நின்று கொட்டியது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. சாத்தனூர் அணை திறக்கப்பட்டுத் தென்பெண்ணை கரை மீறி ஓடியது. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. இறந்த மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100 ரூபாய் என்றும் அறிவித்தது. அந்த அறிவிப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது வெள்ளத்தில் மூழ்கிய ஆட்டையும் சுவர் விழுந்து செத்த மாட்டையும் மட்டும்தான் பார்க்கிறது. அதே மழையால் ஒரு மாதம் கழித்து வயிற்றுக்குள் ரத்தம் உறிஞ்சப்பட்டுச் செத்த ஆடு எந்தப் பட்டியலிலும் இல்லை.

வயிற்றுக்குள் நடப்பது என்ன?

அந்த ஆட்டைப் பார்த்ததும் கால்நடை மருத்துவர்கள் முதலில் சந்தேகப்படுவது ஹிமாங்கஸ் கன்டார்டஸ் என்ற உருளைப்புழுவை. ஆடுகளின் நாலாவது இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் புழு. சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல் போல இருக்கும். ஒரு புழு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 0.05 மில்லி ரத்தத்தை வீணாக்குகிறது. கேட்க அற்பம். ஆயிரம் புழு இருந்தால் தினம் 50 மில்லி. 20 கிலோ ஆட்டின் உடம்பில் மொத்தமே ஒன்றரை லிட்டருக்குக் குறைவான ரத்தம்தான் இருக்கும். அதாவது ஒரு மாதத்தில் அதன் முழு ரத்த அளவுக்குச் சமமாக வெளியே போகிறது. ரத்தத்தில் புரதம் குறையும்போது நீர் தாடைக்குக் கீழே கோர்த்துக்கொள்கிறது. இந்த நோயில் கழிச்சல் இல்லாமலேயே ஆடு சாகலாம். அதனால்தான் "நல்லாத்தானே மேஞ்சிச்சி" என்று கேட்கிறார்கள்.

ஒரு பெண் புழு நாளுக்கு 5,000 முதல் 10,000 முட்டை வரை இடும். முட்டை புழுக்கையோடு தரையில் விழுகிறது. வெப்பமும் ஈரமும் தோதாக அமைந்தால் ஒரு வாரத்துக்குள் பொரிந்து, தொற்றக்கூடிய இளம்புழுவாகி, புல் நுனியில் இருக்கும் ஈரப் படலத்தில் ஏறி நிற்கிறது. ஆடு அந்தப் புல்லை மேய்கிறது. அடுத்த மூன்று வாரத்தில் புழு முதிர்ந்து மறுபடியும் முட்டை. மழை முடிந்து நாலைந்து வாரம் கழித்துச் சாவு விழுவதன் கணக்கு இதுதான். டிசம்பர் முதல் வாரத்தில் வெள்ளம், ஜனவரியில் வெளுத்த கண்.

இன்னொரு கூட்டம் தட்டைப்புழுக்கள். அவற்றுக்கு இடையில் நத்தை வேண்டும். நத்தையிலிருந்து வெளிவந்து, தண்ணீர் ஓரப் புல்லில் கூடு கட்டி உட்கார்ந்துகொள்ளும். ஏரி வற்ற வற்ற, வேறு எங்கும் பச்சை இல்லாத காலத்தில், ஆடுமாடு ஏரிக்குள் இறங்கி மேயும். அப்போது அந்தக் கூடுகளையும் சேர்த்துத் தின்னும். பிறகு ஈரல் கெடும், மாட்டின் பால் வற்றும், கன்று மெலியும்.

வெயில் கூடினால் புழு சாகாதா?

வகுப்பில் ஒரு மாணவி இப்படித்தான் கேட்டார். நல்ல கேள்வி. கடும் வெயிலும் வறட்சியும் புல்லில் இருக்கும் இளம்புழுவைக் கொல்லும் என்பது உண்மை. நம் கோடைதான் பல நூறாண்டுகளாக மேய்ச்சல் தரையைச் சுத்தம் செய்து கொடுத்த இலவச மருந்து. பிரச்சினை வெப்பம் மட்டும் இல்லை, மழையின் ஒழுங்கு கெடுவது. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அதனால் பெய்தால் கொட்டுகிறது. இல்லாவிட்டால் நீண்ட நாள் பெய்வதே இல்லை. காய்ந்த புழுக்கைக்குள் பதுங்கியிருக்கும் இளம்புழுவை ஒரே பெருமழை கரைத்துப் புல்லில் ஏற்றிவிடுகிறது. கோடையில் தப்பிப் பெய்யும் மழை, வெயில் செய்ய வேண்டிய சுத்தத்தைக் கெடுக்கிறது. வறட்சி ஆட்டை ஏரிக்குள் இறக்குகிறது, வெள்ளம் நத்தையைப் பரப்புகிறது. இரண்டும் மாறி மாறி வருவதுதான் புழுவுக்கு வசதி.

கல்வராயன் மலையில் இன்னொரு விஷயம். ரெண்டாயிரம் அடிக்கு மேல் உள்ள ஊர்களில் மார்கழிக் குளிர், முட்டை பொரிவதைத் தாமதப்படுத்தும். இரவு வெப்பம் ஏற ஏற அந்தத் தாமதம் குறையும். உண்ணிக்கும் இது பொருந்தும். திட்டங்களில் வரும் கலப்பின மாடுகளுக்கு, உண்ணி பரப்பும் தைலேரியா போன்ற ரத்த நோய்களைத் தாங்கும் சக்தி நாட்டு மாட்டை விடக் குறைவு.

ஒரு புயலை மட்டும் காட்டி "இதோ பருவநிலை மாற்றம்" என்று நாம் சொல்லத் தேவையில்லை. நாம் கேட்க வேண்டியது வேறு: இப்படிப்பட்ட மழை அடிக்கடி வரப்போகிறது என்று அரசே சொல்கிறது. 2022இல் காலநிலை மாற்ற இயக்கத்தையும் தொடங்கியது. அப்படியானால் மழைக்கு ஒரு மாதம் பின்னால் வரும் சாவுக்கு என்ன ஏற்பாடு?

மேய்ச்சல் தரையில் சாதி

புழு எல்லா ஆட்டுக்கும் வரும். ஆனால் எல்லா ஆடும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் மேய்வதில்லை.

2011 கணக்கெடுப்பில், கள்ளக்குறிச்சியும் உள்ளடங்கிய அன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் நூற்றுக்கு 29 பேர் பட்டியல் சாதியினர். நிலம் யார் கையில் என்பதை இந்த வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1892இல் திரமென்ஹீர் அறிக்கைக்குப் பிறகு கொடுக்கப்பட்ட பஞ்சமி நிலம் எங்கே போனது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். நிலம் இல்லாதவருக்கு ஆடுதான் வங்கி. பிள்ளைக்குக் கட்டணம், ஆஸ்பத்திரிச் செலவு, குழுக் கடன் தவணை எல்லாம் ஒரு கிடாயை விற்று வருவது. 2011இல் அரசு தொடங்கிய விலையில்லா ஆடு திட்டமும் ஏழைப் பெண்கள் கையில் நாலு ஆட்டைக் கொடுத்தது. ஆட்டைக் கொடுத்தவர்கள் அது மேய இடம் கொடுக்கவில்லை.

சொந்த நிலம் உள்ளவர் வரப்புப் புல்லை அறுத்துக் கொட்டகையில் போடுகிறார், சோளத்தட்டை போடுகிறார், அகத்தியும் சூபாபுலும் வெட்டிக் கட்டுகிறார். உயரத்தில் கட்டிய தழையில் புழு ஏறாது. நம் ஆடு எங்கே போகிறது? மேய்க்கால் புறம்போக்கு என்று பதிவேட்டில் இருப்பது பல ஊரில் யாரோ ஒருவரின் கரும்புத் தோட்டமாக இருக்கிறது. மிச்சம் ஏரிக்கரை, வாய்க்கால், சாலையோரம். அதாவது ஈரமான, நத்தை உள்ள, எல்லா ஏழைகளின் ஆடும் கூடிப் புழுக்கை போடும் இடம். இடம் சுருங்கச் சுருங்க ஒரு சதுர அடிக்கு விழும் முட்டை கூடுகிறது. இது கணிதம்.

நேரத்தையும் பாருங்கள். பனி ஈரம் காயும் வரை ஆட்டை அவிழ்க்கக் கூடாது என்று நம் பாட்டிகளுக்குத் தெரியும். ஈரத்தில்தான் இளம்புழு புல் நுனிக்கு ஏறி நிற்கும் என்று அறிவியலும் அதையே சொல்கிறது. ஆனால் அந்த அக்காவுக்குக் காலையில் நூறு நாள் வேலைக்குப் போய் போட்டோவில் நிற்க வேண்டும். வேலை இல்லாத நாளில் கரும்பு வெட்டு. விடிந்ததும் அவிழ்த்து, ஏரிக்கரையில் கட்டிவிட்டுத்தான் போக முடியும். "விழிப்புணர்வு இல்லை" என்று அதிகாரிகள் எழுதும் இடத்தில் உண்மையில் இல்லாதது நேரம்.

வாரத்துக்கு வளர்ப்பது இன்னும் கொடுமை. ஆடு நிலக்காரருடையது, வளர்ப்பது காலனியில். குட்டியில் பாதிப் பாதி. ஆடு செத்தால் பாதி நஷ்டமா? பல இடங்களில் "நீ சரியாப் பாக்கல" என்று முழு நஷ்டமும் வளர்த்தவர் தலையில். எழுத்தில் எதுவும் கிடையாது. நிவாரணம் வந்தாலும் யார் பெயரில் வரும்?

மலையில் கதை வேறு, முடிவு ஒன்று. கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. அங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினர் அவர்களுக்குக் கூலியில்லாமல் உழைத்தார்கள். 2024 ஜூனில் கருணாபுரம் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. சாராயம் காய்ச்சும் மலை என்று ஊடகம் எழுதிய இடத்தில், சாமையும் மரவள்ளியும் ஆடுமாடும் வைத்துப் பிழைப்பவர்கள்தான் பெரும்பாலோர். மாடு காட்டுக்குள் மேய்வது அவர்கள் வாழ்க்கை. 2022 மார்ச்சில் அதே உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலைத் தடை செய்தது. பிறகு சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று திருத்தியது. 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(1)(ஈ) பிரிவு மேய்ச்சலைச் சமூக உரிமையாகவே ஏற்கிறது. அந்த உரிமை காகிதத்தில் கைக்கு வராத வரை, மாடுகள் ஊரைச் சுற்றியுள்ள கொஞ்சம் தரையிலேயே திரும்பத் திரும்ப மேயும். புழுவும் அங்கேயே பெருகும்.

அம்பேத்கர் 1927இல் மகாட் குளத்தில் இறங்கியது தாகத்துக்காக மட்டும் இல்லை. பொதுவில் இருப்பது எல்லோருக்கும் பொதுவா என்ற கேள்வியைக் கேட்கத்தான். மேய்ச்சல் தரையும் அதே கேள்விதான்.

மருந்து ஊற்றினால் போதுமா?

அக்கா மருந்து ஊற்றாமல் இல்லை. கடையில் வாங்கி, கண் மட்டத்தில் அளந்து, ஒன்பதுக்கும் ஊற்றியிருக்கிறார். அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் வகை மருந்துகளுக்கு இந்தப் புழு பழகிப்போய்விட்டதைத் தமிழ்நாட்டு ஆட்டுப் பண்ணைகளிலேயே ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். காரணம் ஊகிக்கக்கூடியதுதான். ஒரே மருந்து திரும்பத் திரும்ப, எடை பார்க்காமல் குறைந்த அளவில். வெள்ளாடு பல மருந்துகளைச் செம்மறியை விட வேகமாகச் செரித்து வெளியேற்றிவிடும், அதனால் செம்மறி அளவு அதற்குப் போதாது என்பதும் பலருக்குச் சொல்லப்படுவதில்லை. சினை பிடித்த முதல் மாதத்தில் அல்பெண்டசோல் கூடாது என்பதும் அப்படித்தான்.

தென்னாப்பிரிக்காவில் இதற்கு ஒரு எளிய வழி கண்டார்கள். ஃபமாச்சா என்று ஐந்து நிறம் கொண்ட ஓர் அட்டை. ஆட்டின் கீழ் இமையை அட்டையோடு ஒப்பிட்டு, வெளுத்தவற்றுக்கு மட்டும் மருந்து. எல்லாவற்றுக்கும் ஊற்றினால் மருந்துக்குத் தப்பும் புழு மட்டும் பிழைத்துப் பெருகும். சிலவற்றை விட்டுவைத்தால் மருந்துக்குச் சாகும் புழுவும் கலந்து இருக்கும், மருந்து நீண்ட நாள் வேலை செய்யும். அந்த அக்கா இமையை இழுத்துக் காட்டினாரே, அது அந்த அட்டையின் முதல் பாடம். யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

இதை நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும். செத்த மாட்டைத் தூக்குவதும் உரிப்பதும் நம் மக்கள் மேல் திணிக்கப்பட்டது. அதை விட்டு வெளியே வந்தது நம் போராட்டத்தின் வெற்றி, அதில் பின்வாங்கல் இல்லை. ஆனால் அந்த இழிவுக்குள் நின்றுகொண்டு, ஈரலில் இலை போலப் புழு இருப்பதையும், இரைப்பையில் நூல் போலப் புழு தொங்குவதையும், எந்த மழைக்குப் பிறகு அது அதிகம் என்பதையும் பார்த்தவர்கள் நம் தாத்தாக்கள். அதையே மேசை மேல் வைத்து அறுத்துப் பார்த்தால் பிரேதப் பரிசோதனை என்று பெயர், பட்டமும் உண்டு. நம் தாத்தா பார்த்ததை யாரும் அறிவு என்று எழுதவில்லை. நாம் கேட்பது அந்த வேலையை அல்ல. அந்த மேசையை.

மேசை தூரத்திலும் இல்லை. சின்னசேலத்திலிருந்து பேருந்தில் கொஞ்ச நேரத்தில் தலைவாசல் கூட்டுரோடு. அங்கே 1,000 கோடி ரூபாய்க்கு மேல் செலவில், 1,100 ஏக்கருக்கு மேல், ஆசியாவிலேயே பெரியது என்று சொல்லி 2021 பிப்ரவரியில் ஒரு கால்நடை ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தார்கள். நல்லது, வேண்டும். ஆனால் அந்த மதில் சுவருக்கும் இந்த வாசலுக்கும் இடையில் ஒரு சாணப் பரிசோதனை போய்ச் சேரவில்லை என்றால் அந்த ஆராய்ச்சி யாருக்கு?

2006இல் கொசு போன்ற சிறு பூச்சி பரப்பும் நீலநாக்கு நோய் முதன்முறையாக நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனிக்குள் வந்தது. நம் வடகிழக்குப் பருவமழைக்குப் பழகிய நோய்தான். இரண்டே ஆண்டில் அங்கே பொதுப்பணத்தில் பெருந்திரளாகத் தடுப்பூசி போட்டார்கள். ஆட்டுக்காரருக்கு அரசியல் பலம் இருந்தால் அறிவியல் எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதற்கு இது சாட்சி.

நாம் கேட்க வேண்டியவை

ஒன்று. பேரிடர் நிவாரண விதியில், மழை வெள்ளத்துக்குப் பின் 90 நாளுக்குள் புழு, உண்ணி, பூச்சி பரப்பும் நோயால் இறந்ததாகக் கால்நடை மருத்துவர் சான்றளிக்கும் ஆடுமாடுகளையும் சேர்க்க வேண்டும். வாரத்துக்கு வளர்ப்பவர் பெயரிலும் பதிவு வேண்டும்.

இரண்டு. குடற்புழு நீக்க முகாம் மழைக்கு முன் ஒரு முறை, மழை விட்டு மூன்றாவது வாரத்தில் ஒரு முறை நடக்க வேண்டும். ஊர் நடுவில் அல்ல, காலனியிலும் மலைக் கிராமத்திலும். வேலை நாள் காலையில் அல்ல, மாலையில் அல்லது ஞாயிற்றுக்கிழமை. சாணத்தைப் பரிசோதித்து மருந்தைத் தேர்வு செய்ய வேண்டும். 1962 ஊர்தி எந்தெந்தக் காலனிக்கு எத்தனை முறை வந்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

மூன்று. ஒவ்வொரு வருவாய்க் கிராமத்திலும் மேய்க்கால் புறம்போக்கு எவ்வளவு, இப்போது யார் அனுபவத்தில் இருக்கிறது என்ற பட்டியல். மலையில், மேய்ச்சலுக்கான சமூக உரிமைக் கோரிக்கை கிராம சபையில் போடப்பட்டதா என்ற கேள்வி.

நான்கு. பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கான வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம் 2024இல் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அந்த நிதியில் காலனிக்கு ஒரு பயிற்சி பெற்ற கால்நடைப் பணியாளர் என்று கேட்க முடியும். கேட்டால்தான் கிடைக்கும்.

கடைசியாக மாணவர்களுக்கு ஒரு வேலை. உங்கள் காலனியில் ஐம்பது ஆட்டைத் தேர்ந்தெடுங்கள். மாதம் ஒரு முறை, ஒரே ஆள், பகல் வெளிச்சத்தில், கீழ் இமை நிறத்தைச் சிவப்பு, இளஞ்சிவப்பு, வெளுப்பு என்று குறியுங்கள். எங்கே மேய்ந்தது, எத்தனை மணிக்கு அவிழ்த்தது, சினையா, குட்டி போட்டதா, மருந்து என்ன, செத்தது எத்தனை. பக்கத்தில் அந்த மாத மழையளவு. ஒரு வருடம் எழுதினால் ஒரு நோட்டு. வெளுத்த கண் வேறு நோயாலும், பட்டினியாலும் வரலாம். அதனால் முடிவு சொல்ல அவசரப்படாதீர்கள், மருத்துவரிடம் சாணப் பரிசோதனையோடு சேர்த்துக் காட்டுங்கள். ஆனால் அந்த நோட்டு இருந்தால் "புயலிலா செத்தது?" என்று கேட்பவர் முன்னால் நாம் வெறும் கையோடு நிற்க மாட்டோம்.

அந்த அக்காவிடம் மிஞ்சியது நாலு ஆடு. பொங்கலுக்கு விற்க வைத்திருந்த கிடா செத்ததில் இருந்தது. அவர் மகள் கல்லூரியில் முதலாம் ஆண்டு. நான் எடுத்துப் போன உதவித்தொகை விண்ணப்பம் அவளுடையதும்தான். விண்ணப்பத்தில் "குடும்ப வருமானம்" என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று அவள் கேட்டாள். அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "போன மாசம் வரைக்கும் ஒம்பது ஆடுன்னு எழுது."